‘தம்பி, ஓனர் எங்கப்பா?’ – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் கல்யாணத் தரகர்கள் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, பத்துப் பொருத்தமும் கூடிவந்த பிறகு “மாப்பிள்ளை கொஞ்சம் கட்டையா இருக்காரே” என்ற ஒரே பேச்சில் கலைந்துபோகிற வரன்களைப் பற்றி இரண்டு வரி சேர்த்திருந்தேன். தரகர் விஷயத்தை விட்டுவிட்டு அந்த இரண்டு வரிக்குத்தான் கடிதங்கள் குவிந்துவிட்டன. மதுரைக்குள்ளிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்தவற்றில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன், ஊர் மட்டும் இருக்கிறது.

அக்கா, எனக்கு வயது 31. உயரம் 157 செ.மீ., 5 அடி 2 அங்குலத்துக்கு ஒரு நூல் கீழே. விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன், வேட்டி செக்‌ஷன் முழுக்க என் பொறுப்பு. ஆனால் வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும் “தம்பி, பெரியவங்க யாரும் இல்லையா, ஓனர் எங்கப்பா?” என்கிறார்கள். என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பையன் நல்ல வளர்த்தி, அவனிடம் போய் “சார், இதுல பெரிய கரை இருக்கா” என்று கேட்கிறார்கள். முதலாளி மேல் தட்டில் எடுக்கச் சொல்லும்போது “டேய் அரை டிக்கெட்டு, ஸ்டூல் போட்டுக்க” என்று கடைக்கே கேட்கிற மாதிரிச் சொல்வார். ஒருநாள் பொறுக்க முடியாமல் திருப்பிக் கேட்டுவிட்டேன், “கட்டையனுக்குக் கோவத்தைப் பாரு, ஆளைவிடப் பெருசா வருது” என்று எல்லோரும் சிரித்தார்கள். பெண் பார்க்கிற இடத்திலும் இதே கதைதான். நான் என்ன செய்யட்டும்?
– வாசகர், திருமங்கலம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது உங்கள் மனப்பிரமை இல்லை, நிஜமாகவே நடக்கிறது. “நீயா மனசுல போட்டுக் குழப்பிக்கிற, யாரும் அப்படி நினைக்கல” என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். ஆறுதலுக்குத்தான் சொல்வார்கள், ஆனால் கேட்கிறவருக்கு அது இன்னும் தனியாகிவிட்ட மாதிரி இருக்கும்.

உயரத்தை வைத்து ஆளை எடை போடுவதை ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டே பார்த்திருக்கிறார்கள். 2004ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, வயது, எடை, ஆணா பெண்ணா என்பதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்த பிறகும், ஓர் அங்குலம் கூடுதல் உயரத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 789 டாலர் கூடுதல் சம்பளம் வருவதாகக் கண்டது. அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு இதைவிட முக்கியமானது என்று எனக்குத் தோன்றுகிறது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வெள்ளை இன ஆண்களை வைத்துச் செய்தது. வளர்ந்து முடித்த உயரத்தைவிட, 16 வயதில் ஒருவர் என்ன உயரம் இருந்தார் என்பதுதான் பிற்காலச் சம்பளத்தோடு ஒட்டிவருகிறது என்று அது சொன்னது. அதாவது 16 வயதில் குட்டையாக இருந்து அப்புறம் கிடுகிடுவென்று வளர்ந்தவருக்கும் அந்தக் கூடுதல் கிடைக்கவில்லை. அந்த வயதில் விளையாட்டிலும் மன்றங்களிலும் சேராமல் ஒதுங்கிப்போவதுதான் அதற்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். இதற்கு மறுப்பும் உண்டு. 2008ல் வந்த ஒரு கட்டுரை, சின்ன வயதில் கிடைக்கிற ஊட்டமும் ஆரோக்கியமும் உயரத்தையும் அறிவுத்திறனையும் சேர்த்தே வளர்ப்பதால்தான் சராசரியில் இந்த வித்தியாசம் தெரிகிறது என்று வாதாடியது. இரண்டிலும் உண்மை இருக்கலாம். ஆனால் கடைக்குள் கால் வைத்த அடுத்த நொடியே உங்களைத் தாண்டி ஓனரைத் தேடுகிறவருக்கு உங்கள் அறிவுத்திறன் பற்றி ஒன்றும் தெரியாது, அவருக்குத் தெரிவது தலை எந்த உயரத்தில் இருக்கிறது என்பது மட்டும்தான். குட்டை என்றால் சின்னப் பிள்ளை என்று கண் பழகியிருக்கிறது. முகத்தில் மீசையும் காதோரம் நரையும் இருந்தால்கூட அதைப் பார்ப்பதற்கு முன்னாலேயே வாயில் “தம்பி” வந்துவிடுகிறது.

அதனால் அவர் வாய் திறப்பதற்கு முன்னால் நீங்கள் திறந்துவிடுங்கள். கவுன்டருக்குப் பின்னால் நிற்காதீர்கள், அது உங்கள் உடம்பில் பாதியை மறைத்துவிடுகிறது. வெளியே வந்து நின்று, “வாங்க சார், வேட்டி நம்ம பொறுப்புதான், நாலு முழமா எட்டு முழமா, கட்டுறது பெரியவருக்கா மாப்பிள்ளைக்கா?” என்று கேட்டுக்கொண்டே ஒரு வேட்டியை எடுத்து மடிப்பு உதறி, கரையை அவர் கைக்கு நேராக விரித்துப் போடுங்கள். இது நூல் என்ன நம்பர், துவைத்தால் எவ்வளவு சுருங்கும் என்று உங்கள் வாயிலிருந்து வரத் தொடங்கிவிட்டால் அப்புறம் அவர் ஓனரைத் தேட மாட்டார். ஒன்பது வருஷத் தொழில் உங்கள் விரலில் இருக்கிறது, அதை முதல் நிமிஷத்திலேயே காட்டுங்கள். லால் பகதூர் சாஸ்திரியும் குட்டைதான், டெண்டுல்கரும் குட்டைதான் என்று நான் பட்டியல் போடப்போவதில்லை. வேட்டிக் கட்டோடு நிற்கிற ஒருவருக்குப் பிரதமரின் உயரத்தால் எந்த உபயோகமும் இல்லை.

உங்களிடம் வேலை கற்ற அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்: “என்கிட்ட இருக்கிற கஸ்டமர் உன்கிட்ட வந்தா, ‘அண்ணன்தான் இந்த செக்‌ஷன் பாக்குறாரு, அவர்கிட்ட கேளுங்க’ன்னு சொல்லு.” நீங்கள் பத்துத் தடவை சொல்வதைவிட, உயரமான ஒருவன் உங்களை அண்ணன் என்று காட்டுகிற ஒரு தடவை அதிகம் வேலை செய்யும். இப்படி இருப்பது அநியாயம்தான், எனக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் கையில் இருக்கிற வழியை விட வேண்டாம்.

முதலாளி விஷயம் வேறு. அவரிடம் கடை அடைத்த பிறகு, மற்றவர்கள் போன பிறகு பேசுங்கள். மனசு வலிக்கிறது என்று மட்டும் சொன்னால் “அட, விளையாட்டுக்குச் சொன்னேன்ப்பா” என்று முடித்துவிடுவார். வியாபாரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: “கஸ்டமர் முன்னாடி அரை டிக்கெட்டுன்னு கூப்பிட்டா, அவங்க என் பேச்சை நம்ப மாட்டேங்கறாங்க முதலாளி, வியாபாரம் கெடுது. என்னைப் பேர் சொல்லியே கூப்பிடுங்க.” கூடவே, ஆடுகிற ஸ்டூலுக்குப் பதில் பிடியுள்ள ஏணிப்படி ஒன்று கேளுங்கள். மேல் தட்டு எட்டாதது உங்கள் குற்றம் இல்லை, தட்டு அடித்தவர் யாரை மனதில் வைத்து அடித்தார் என்பதுதான் கேள்வி. (ஜவுளிக்கடையில் நாள் பூராவும் நிற்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021லேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். உங்கள் கடையில் இருக்கிறதா? இல்லையென்றால் அதையும் கேளுங்கள், அது எல்லோருக்குமான உரிமை.)

கோபத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குட்டையானவன் கோபப்பட்டால் அது உயரத்தால் வந்த கோபம், உயரமானவன் கோபப்பட்டால் அது நியாயமான கோபம். இந்தக் கணக்கு நம் ஊரில் மட்டும் இல்லை. நெப்போலியனைக் குள்ளன், அதனால்தான் ஊரையெல்லாம் அடிக்கக் கிளம்பினான் என்று உலகமே சொல்லிக்கொண்டிருக்கிறது. அவர் உயரம் 5 அடி 2 அங்குலம் என்று எழுதிவைத்தது பிரெஞ்சு அளவில். பிரெஞ்சு அங்குலம் ஆங்கில அங்குலத்தைவிட நீளம். நம் கணக்கில் அது ஏறத்தாழ 168 செ.மீ., அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரர்களில் அவர் குட்டையே கிடையாது. அவரைக் கால் எட்டாத பொடியனாக வரைந்து பரப்பியது எதிரி நாட்டு இங்கிலாந்தின் கேலிச்சித்திரக்காரர்கள். கேலிச்சித்திரம் இருநூறு வருஷம் கழித்தும் நிற்கிறது. அதேபோல “கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே” என்று ஒரு பழமொழியைச் சிரித்துக்கொண்டே உங்கள் காதுபடச் சொல்கிறார்கள் அல்லவா, அது வெறும் வசவு, பழசாகிவிட்டதால் பழமொழி என்று மரியாதை கிடைத்துவிட்டது. அதைச் சொல்கிறவரை நேராகப் பார்த்து, சிரிக்காமல், “இதை எதுக்கு இப்பச் சொல்றீங்க?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். குரலை உயர்த்த வேண்டாம். பதில் சொல்ல வேண்டிய பாரம் அவர் பக்கம் போய்விடும்.

பெண் பார்க்கிற விஷயத்தில் ஒன்றே ஒன்று. இந்திய ஆண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 165 செ.மீ., பெண்களுடையது ஏறத்தாழ 152. நீங்கள் 157. நம் நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் உங்களைவிட உயரம் குறைந்தவர்கள். இருந்தும் 5 அடி 8 வேண்டும் என்று கேட்கிறார்கள் என்றால், அது கல்யாண மண்டபத்து மேடையில் எப்படித் தெரியும் என்ற கவலைதான். தரகர் சொல்கிறாரே என்று ஜாதகக் காகிதத்தில் இரண்டு அங்குலம் கூட்டிப் போடாதீர்கள், உள்ளே குதிகால் வைத்த ஷூவும் வேண்டாம். 157 என்று எழுதுங்கள். அதைப் படித்துவிட்டும் வருகிற வீடுதான் உங்களுக்கு வேண்டிய வீடு.

அக்கா, என் மகன் ஒன்பதாவது படிக்கிறான், 14 வயது, 146 செ.மீ.தான் இருக்கிறான். வகுப்பிலேயே அவன்தான் குட்டை, எல்லோரும் குள்ளக் கத்திரிக்கா என்று கூப்பிடுகிறார்களாம், பள்ளிக்கூடமே போக மாட்டேன் என்கிறான். நான் 150, அவன் அப்பா 163. உயரம் வளர்கிற பவுடர் என்று செல்போனில் விளம்பரம் பார்த்து வாங்கிவிட்டேன், மூன்று மாதம் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா? கம்பியில் தொங்கினால் வளர்வான் என்கிறார்களே?
– வாசகி, மேலூர்

பவுடரைக் கொடுக்காதீர்கள் அம்மா. அதை வாங்கிய காசுக்கு முட்டையும் பாலும் நிலக்கடலையும் பாசிப்பயறும் வாங்கியிருந்தால் பையனுக்கு உடம்பில் ஒட்டியிருக்கும். கம்பியில் தொங்குவது தோளுக்கும் கைக்கும் நல்ல பயிற்சி, ஆனால் எலும்பு நீளாது.

எலும்பு எப்படி நீள்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்த விளம்பரங்களை நீங்களே தள்ளிவிடுவீர்கள். கை கால்களின் நீள எலும்புகளில், நுனிக்குச் சற்று உள்ளே, வளர்ச்சித் தட்டு என்று ஒரு குருத்தெலும்பு அடுக்கு இருக்கிறது. புது எலும்பு உருவாவது அங்கேதான். எக்ஸ்ரேயில் பார்த்தால் எலும்பின் நுனியும் தண்டும் ஒட்டாமல், நடுவில் ஒரு கறுப்புக் கோடு ஓடுகிற மாதிரித் தெரியும். பருவம் முற்றும்போது அந்த அடுக்கு எலும்பாக மாறி, கோடு மறைந்து, நுனியும் தண்டும் ஒன்றாகிவிடும். பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 14 முதல் 16 வயதுக்குள், பையன்களுக்கு 16 முதல் 18 வயதுக்குள். கோடு மறைந்த பிறகு உலகத்தில் எந்தப் பவுடரும் மாத்திரையும் ஒரு மில்லிமீட்டர்கூட நீட்டாது. கோடு இருக்கும்வரை அது தானாகவே வளரும். பவுடர் விற்கிறவர்கள் 14 வயதுப் பையனுக்கு விற்றுவிட்டு, அவன் இயல்பாக வளர்ந்ததைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள்.

உங்கள் மகன் எவ்வளவு வளரலாம் என்பதற்குக் குழந்தை மருத்துவர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அப்பா உயரத்தையும் அம்மா உயரத்தையும் கூட்டி, பையன் என்றால் 13 சேர்த்து, பெண் என்றால் 13 கழித்து, இரண்டால் வகுக்க வேண்டும். 163, 150, 13, மொத்தம் 326, பாதி 163. அதற்கு எட்டு ஒன்பது செ.மீ. மேலேயோ கீழேயோ போகலாம். ஆக, அவன் அப்பா அளவுக்கு வருவான் என்று எதிர்பார்க்கலாம். உயரத்தைத் தீர்மானிப்பதில் பரம்பரைக்குத்தான் பெரிய பங்கு. 2022ல் 54 லட்சம் பேரின் மரபணுவை அலசிய ஓர் ஆய்வு, உயரத்தோடு தொடர்புள்ள 12,000க்கும் மேற்பட்ட மரபணு மாற்றங்களைக் கண்டுபிடித்தது. அத்தனை ஆயிரம் இடங்களில் எழுதியிருப்பதை ஒரு டப்பா பவுடர் மாற்றாது.

அதற்காகச் சாப்பாட்டால் ஒன்றுமில்லை என்று அர்த்தம் இல்லை. தென்கொரியப் பெண்களின் சராசரி உயரம் நூறு ஆண்டுகளில் 20 செ.மீ. கூடியிருக்கிறது, அது மரபணு மாறியதால் இல்லை, சோறும் சுகாதாரமும் மாறியதால். ஆனால் அந்த வேலை பெரும்பாலும் கருவில் இருக்கும்போதும் முதல் இரண்டு வயதுக்குள்ளும் நடந்துவிடுகிறது. சத்துணவில் முட்டை போடுவதும், 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரை ஆதிமூலம் பள்ளியில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கியதும் எனக்கு ஏன் இவ்வளவு பெரிய விஷயமாகத் தெரிகிறது என்றால், பிள்ளை வயிறு காய்ந்துகொண்டே வளர்ந்தால் பரம்பரை கொடுத்த உயரத்தைக்கூட அது எட்டாது.

டாக்டரைப் பார்க்க வேண்டுமா? ஒருமுறை பார்த்துவிடுங்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் குழந்தைகள் நலப் பிரிவு இருக்கிறது. அவர்கள் முதலில் கேட்பது போன வருஷம் எவ்வளவு உயரம் இருந்தான் என்பதைத்தான், அதனால் பள்ளியில் அளந்த பழைய குறிப்பு இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். பருவத்துக்கு முந்திய வயதில் ஆண்டுக்கு 5 செ.மீ. போல வளர்வது இயல்பு. நாலுக்கும் கீழே இறங்கினால்தான் தைராய்டா, ரத்தச்சோகையா, சிறுநீரகமா, வளர்ச்சி ஹார்மோன் குறைவா என்று தேடுவார்கள். இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைச் சொல்வார்கள். பல பையன்களுக்கு வயது 14, எலும்புக்கு 12 என்று வரும். அப்படி வந்தால் சந்தோஷப்படுங்கள், வளர இன்னும் காலம் இருக்கிறது என்று அர்த்தம். அவன் அப்பாவிடமும் கேட்டுப் பாருங்கள், “நான் பிளஸ் டூ முடிச்சப்புறம்தான் வளந்தேன்” என்று சொன்னால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். வளர்ச்சி ஹார்மோன் ஊசி என்று யாராவது ஆரம்பித்தால், அது குறிப்பிட்ட சில நோய்க் காரணங்களுக்கு, நிபுணர் பார்த்து எழுத வேண்டியது, சும்மா உயரத்துக்குப் போட்டுக்கொள்வது இல்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு உறைத்தது, பள்ளிக்கூடமே போக மாட்டேன் என்கிறான் என்ற வரி. மேலே திருமங்கலத்துக்காரருக்கு எழுதியதைப் படித்துப் பாருங்கள். 16 வயதில் ஒதுங்கிப்போகிற பிள்ளைக்குத்தான் பின்னால் இழப்பு. எலும்பு தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும், நீங்கள் இதைப் பாருங்கள். வகுப்பு ஆசிரியரை நேரில் பார்த்து, அந்தப் பட்டப்பெயர் வகுப்பில் கேட்கக் கூடாது என்று சொல்லுங்கள், முக்கியமாக ஆசிரியர்கள் வாயிலிருந்து வரக் கூடாது. கபடியோ சதுரங்கமோ சிலம்பமோ, அவனுக்குப் பிடித்த ஒன்றில் சேர்த்துவிடுங்கள். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் “என்னடா இன்னும் வளரலையா?” என்று கேட்கும்போது அவன் முன்னாலேயே நீங்கள் பேச்சை நிறுத்துங்கள், “அதெல்லாம் அவன் வளருவான், நீங்க காபி சாப்பிடுங்க மதினி” என்று. அம்மா தன் பக்கம் நின்றாள் என்பது அவனுக்குத் தெரிய வேண்டும்.

அக்கா, போலீஸ் ஆக வேண்டும் என்பது என் கனவு. இரண்டாம் நிலைக் காவலர் எழுத்துத் தேர்வில் பாஸாகி, உடல்தகுதித் தேர்வில் 158 செ.மீ. என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். நான் பி.சி. பிரிவு. ஒரு சென்டிமீட்டரில் எல்லாம் போச்சு. ஓட்டத்தில் நான்தான் எப்பவும் முதல். இனி என்ன செய்வது?
– வாசகி, உசிலம்பட்டி

ஒரு செ.மீ.க்காக ஓட்டத்தில் முதலாக வருகிற பெண்ணைத் திருப்பி அனுப்பினால் யாருக்குத்தான் வலிக்காது. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வில் பெண்களுக்கு 159 செ.மீ., பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 157. ஆனால் கனவு முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், நீங்கள் முட்டியது ஒரு கதவில் மட்டும்தான். மத்திய ஆயுதக் காவல் படைகளுக்கு ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷன் நடத்துகிற காவலர் தேர்வில் பெண்களுக்கு 157 செ.மீ. போதும். அதே 157தான் அந்தப் படைகளின் சப்-இன்ஸ்பெக்டர் தேர்விலும், ரயில்வே பாதுகாப்புப் படையிலும். 158 உள்ள நீங்கள் அங்கெல்லாம் தாராளமாகப் போகலாம்.

இன்னொன்று கேளுங்கள், பலருக்கு இது தெரியவே தெரியாது. ஐ.பி.எஸ். அதிகாரியாகப் பெண்களுக்கு 150 செ.மீ. போதும், ஆண்களுக்கு 165. நம் மாநிலத்தில் காவலராகச் சேர ஆணுக்கு 170, பெண்ணுக்கு 159 வேண்டும், மாவட்டக் கண்காணிப்பாளராக வருவதற்கு அவ்வளவு வேண்டாம். காவலர் வேலைக்கு உயரம் ஏன் இவ்வளவு இறுக்கமாக வேண்டும் என்று எனக்கு இன்றுவரை யாரும் திருப்தியாக விளக்கியதில்லை. வாசலில் நிறுத்துவதற்கு ஆள் பார்க்கிற பழைய கண்தான் காரணம் என்று நினைக்கிறேன், உங்களை மாதிரி வேகமாக ஓடுகிறவர்களை இழப்பது துறைக்குத்தான் நட்டம். டிகிரி முடித்திருந்தால் சிவில் சர்வீஸ் பக்கமும் பாருங்கள். ஒவ்வோர் அறிவிக்கையிலும் உயரப் பகுதியை மட்டும் முதலில் படித்துவிட்டு மற்றதைப் படியுங்கள்.

மாநிலத் தேர்வையே இன்னொருமுறை முயலப்போகிறீர்கள் என்றால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். இரவு படுத்து எழுந்ததும் நம் உயரம் சற்றுக் கூடுதலாக இருக்கும், நின்று நடந்து சாயங்காலம் ஆகும்போது முதுகெலும்பின் இடைத்தட்டுகள் அமுங்கி ஒரு செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். வெயிலில் மணிக்கணக்காக வரிசையில் நிற்கும்போது மூட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்காதீர்கள், உட்கார இடம் இருந்தால் உட்காருங்கள், முடிந்தால் கால் நீட்டிப் படுங்கள். அளக்கும்போது குதிகால், பின்தலை இரண்டும் பலகையில் ஒட்ட, முகவாய் நேராக இருக்கட்டும். நிச்சயம் கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை, விளிம்பில் நிற்கிறவருக்கு அரை செ.மீ.யும் பெரிசு.

எனக்கு 22 வயது, 160 செ.மீ. காலை நீட்டுகிற ஆபரேஷன் செய்துகொள்ளலாமா? கடன் வாங்கிக்கூடச் செய்யத் தயார்.
– வாசகர், அவனியாபுரம்

வேண்டாம். அது விபத்திலும் பிறவியிலும் கால் குட்டையானவர்களுக்காக வந்த சிகிச்சை. எலும்பை வெட்டி, கம்பி பொருத்தி, ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் இழுப்பார்கள். 5 செ.மீ. என்றால் இழுக்க மட்டும் 50 நாள், அப்புறம் அந்த இடைவெளியில் எலும்பு கெட்டியாகப் பல மாதம். தொற்று, நரம்புப் பாதிப்பு, மூட்டு இறுகுதல், எலும்பு சேராமல் போவது எல்லாம் உண்டு. நடக்கிற, ஓடுகிற நல்ல காலைக் கடன் வாங்கி வெட்டிக்கொள்ளாதீர்கள். உங்களைக் குட்டை என்று சொன்னது யார் என்று எனக்குத் தனியாக எழுதுங்கள், அதைப் பேசுவோம்.

அக்கா, எனக்குப் பார்த்திருக்கிற பெண் என்னைவிட 5 செ.மீ. உயரம். எங்கள் இரண்டு பேருக்கும் பிடித்திருக்கிறது. மேடையில் நன்றாக இருக்காது, பெண்ணைக் குனிந்து நிற்கச் சொல்லலாம் என்று என் சித்தப்பா சொல்கிறார்.
– வாசகர், சோழவந்தான்

கல்யாணத்தன்று தலை குனிந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்ட பெண்ணுக்கு அந்த ஆல்பத்தைப் புரட்டும் ஒவ்வொரு தடவையும் கழுத்து வலிக்கும். அவர் நிமிர்ந்து நிற்கட்டும். சித்தப்பாவிடம், “நாங்க இப்படித்தான் இருப்போம் சித்தப்பா, ஊரு ரெண்டு நாள் பேசிட்டு விட்டுரும்” என்று நீங்கள் சொல்லுங்கள், அந்தப் பெண் சொல்லும்படி விட்டுவிடாதீர்கள். போட்டோகிராபர் பலகை கொண்டுவந்தால் எடுத்துப்போகச் சொல்லிவிடுங்கள். வாழ்த்துகள்.

அக்கா, எனக்கு 34 வயது. உயரம் 124 செ.மீ., பிறவியிலேயே எலும்பு வளர்ச்சிக் குறைபாடு. தையல் தொழில் செய்கிறேன். பஸ்ஸில் ஏறும்போது கேட்காமலேயே இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிடுகிறார்கள். சந்தையில் போகும்போது செல்போனில் படம் எடுக்கிறார்கள், சிரிக்கிறார்கள். பேங்கில் கவுன்டர் என் தலைக்கு மேல் இருக்கிறது, பாஸ்புக்கை யாரிடமாவது கொடுத்து நீட்டச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பது வரிசைக்கே தெரிந்துவிடுகிறது. சலுகை ஏதாவது உண்டா?
– வாசகி, வாடிப்பட்டி

நீங்கள் கேட்பது சலுகை இல்லை அம்மா, உரிமை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 என்று ஒன்று இருக்கிறது. அதில் 21 வகைக் குறைபாடுகளில் குள்ளத்தன்மையும் ஒன்று. மருத்துவக் காரணத்தாலோ மரபணுக் காரணத்தாலோ பெரியவரானபின் உயரம் 147 செ.மீ., அதாவது 4 அடி 10 அங்குலம் அல்லது அதற்குக் கீழே இருந்தால் அதில் வருவீர்கள். அரசு மருத்துவமனையில் மருத்துவக் குழு பார்த்துச் சதவீதம் போட்டுச் சான்று தரும், தனித்துவ அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம். 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் அரசு வேலை இடஒதுக்கீடு முதலானவற்றுக்குத் தகுதி உண்டு. இதுவரை எடுக்கவில்லை என்றால் மதுரை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். சுயதொழில் கடன், தையல் இயந்திரம் பற்றியும் அங்கேயே விசாரியுங்கள்.

பஸ்ஸில் தூக்கிவிடுகிறவர்கள் உதவி என்று நினைத்துத்தான் செய்கிறார்கள், இருக்கட்டும். 34 வயதுப் பெண்ணை, உயரமாக இருந்திருந்தால் இப்படி இடுப்பைப் பிடித்துத் தூக்குவார்களா? படிக்கும் பெரியவர்களுக்குச் சொல்கிறேன், “கை கொடுக்கவாம்மா?” என்று கேளுங்கள், அவர் கையை நீட்டினால் மட்டும் பிடியுங்கள். நீங்களும் அடுத்த தடவை யாராவது கிட்டே வரும்போதே “தொடாதீங்க, நானே ஏறிக்குவேன், பஸ்ஸ மட்டும் நிறுத்தச் சொல்லுங்க” என்று சத்தமாகச் சொல்லிவிடுங்கள். கண்டக்டர் காதில் விழுந்தால் போதும்.

படம் எடுத்துச் சிரிக்கிறவர்கள் விஷயத்தில் பொறுத்துப்போக வேண்டியதில்லை. பொது இடத்தில் மாற்றுத்திறனாளியை அவமானப்படுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே இழிவுசெய்தால், அந்தச் சட்டத்தின் 92ஆம் பிரிவில் குறைந்தது 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ஒவ்வொரு தடவையும் போலீசுக்குப் போக முடியாது, எனக்கும் தெரியும். ஆனால் “இது 92ஆம் பிரிவு, அழிச்சிட்டுப் போ” என்று சொல்லத் தெரிந்திருப்பதே சந்தையில் பாதிப் பேரை நிறுத்தும். வியாபாரிகள் தெரிந்தவர்களாக இருப்பார்கள், அவர்களையும் கூட நிற்கச் சொல்லுங்கள்.

பேங்க் கவுன்டருக்கு எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் “பாக்கலாம்மா” என்று அனுப்பிவிடுவார்கள். மேலாளர் பெயருக்கு ஒரு கடிதம்: என் உயரம் இவ்வளவு, சான்று இணைத்திருக்கிறேன், கவுன்டர் எட்டாததால் என் கணக்கு விவரம் மற்றவர்களுக்குத் தெரிகிறது, ஒரு கவுன்டரையாவது தாழ்த்தித் தரவும், அதுவரை நான் வரும்போது மேசையில் உட்கார வைத்துச் சேவை தரவும். இவ்வளவு போதும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் முத்திரை போட்ட பிரதியோடு திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். பிரதி ஒன்றை எனக்கும் அனுப்பிவையுங்கள், அவர்கள் என்ன பதில் எழுதினார்கள் என்பதை இந்தப் பகுதியில் வெளியிடுகிறேன்.